பதினோராமவர்

வால்டிவியாவில் ஜூன் மாத மழை நிற்காது.
நின்றால் சன்னலுக்கு வந்து பார்ப்போம்,
எதுவோ பழுதாகிவிட்டதென்று.

விறகுக் கம்பெனியில் எனக்கு வேலை.
வெட்டுவதில்லை, சுமப்பதில்லை;
விறகு விற்கும் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.
அதற்கொரு சம்பளமா என்பான்
லாரி ஓட்டும் இலபாக்கா.

முதலாளி ஒயார்சோவுக்குத் தளத்தின் முகப்புதான் உயிர்.
திறந்ததும் காடு, காட்டுக்குள் வெயில்,
மெல்ல மெல்ல எரியும் ஒரு தீ, வீடியோவாக.
அது ஏற ஒன்பது நொடி.
"அழகா இல்லையா?"
அழகுதான்.
பார்த்தவர்கள் கூடினார்கள், வாங்கியவர்கள் குறைந்தார்கள்.
"ஊருக்கே குளிர் விட்டுப்போச்சா?" என்றார்
நனைந்த கோட்டைக் கழற்றாமலே.

வருகிறவர்களின் அம்புக்குறி
எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது
எல்லாம் பதிவாகும்.
ஆள் தெரியாது. பெயர் தெரியாது.
தட்டும் எழுத்தெல்லாம் நட்சத்திரங்களாகிவிடும்.
வெள்ளைத் திரையில் ஒரு சின்னக் கறுப்பு அம்பு மட்டும்
வீடு தெரியாதவர் நடக்கிற மாதிரி நடக்கும்.

செவ்வாய் இரவு பதினொன்று இருபதுக்கு
ஒன்று வந்தது.
தீ ஏறும்வரை காத்திருந்தது.
கீழே போய் மேலே வந்தது.
"காய்ந்த விறகு" என்ற தலைப்பை அழுத்தியது.
ஆறு தரம்.
அது பொத்தான் இல்லை.
பொத்தான் மாதிரியே வரைந்திருந்தேன்,
நான்தான்.

பிறகு கண்டுபிடித்துவிட்டது.
இரண்டு கனமீட்டர். முகவரி. தொலைபேசி.
அடையாள எண்.
பன்னிரண்டு நட்சத்திரங்கள்.
சிவப்பில்: தவறான எண்.
பத்து. புள்ளிகளை எடுத்திருப்பார்.
தவறான எண்.
ஒன்பது. இடைக்கோட்டையும் எடுத்துவிட்டார்.
தவறான எண்.
மறுபடி பன்னிரண்டு, இந்தமுறை ஒவ்வொன்றாக,
அட்டையைப் பார்த்துப் பார்த்து.
சொந்த எண்ணையே ஒருவர் சந்தேகிக்கும்படி
செய்துவிட்டோம்.

ஐந்தாவது தடவை பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது.
முகவரி இல்லை, தொலைபேசி இல்லை,
எல்லாம் வெறும் கட்டங்கள்.

அம்பு நாலு நிமிடம் அசையவில்லை.
எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாரோ,
மிச்சமிருந்த ஈரக் கட்டையை உள்ளே தள்ளினாரோ,
அது எரியாமல் புகைந்ததோ,
பதிவில் அதெல்லாம் வராது.
திரும்பி வந்த அம்பு நேரே மூலைக்குப் போய்
எங்களை மூடியது.

இந்த நாட்டில் அடையாள எண்ணின் கடைசி இடத்தில்
பதினொருவரில் ஒருவருக்கு இலக்கம் வராது,
கே என்ற எழுத்து வரும்.
பெரிய கே வந்தால் மட்டும் திற என்று
எங்கள் கதவுக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.
சின்ன கே-யோடு வந்தவர்
மழையிலேயே நின்றிருக்கிறார்,
எத்தனை குளிர்காலமாகவோ.

ஒயார்சோவுக்குப் போட்டுக் காட்டினேன், எதுவும் சொல்லாமல்.
இரண்டாவது சிவப்பில் கோட்டைக் கழற்றினார்.
மூன்றாவதில், "சரியாத்தானே போடறாங்க?"
அந்த நாலு நிமிடத்தை ஓட்டிவிடவா என்றேன்.
"வேண்டாம். இருக்கட்டும்."

இருந்தோம்.
மீன்சந்தைப் பக்கம் கடல்சிங்கம் ஒன்று இருமியது.
அம்பின் அருகே விரலை வைத்தார்,
கண்ணாடிமேல் ஒரு ஈரத் தடம்.
"நேரில் வந்திருந்தா நாற்காலி போட்டிருப்பேன்."

திருத்தம் ஒரே ஒரு வரி.
தலைப்பைப் பொத்தானாக்கினேன்.
தீக்காகத்தான் ஒரு வாரம் சண்டை போட்டார்;
கடைசியில் அசையாத படமாக
ஓரத்தில் சின்னதாக எரிய ஒப்புக்கொண்டார்.

அடுத்த வியாழன் ஆர்டர்களில்
கே-யில் முடிந்த எண்கள் எட்டு.
அதிலொன்று இரண்டு கனமீட்டர், கூடவே ஒரு குறிப்பு:
"வேலிக்கு உள்ளே கொட்டுங்கள்.
நாய் குரைக்கும், அவ்வளவுதான்."

அதே ஆளா என்று அறிய வழியில்லை.
மாலையில் லாரி திரும்பியதும்
மழையில் ஓடிப்போய்க் கேட்டேன்,
ஆள் எப்படி, வயசென்ன, ஏதாவது சொன்னாரா.

"நாய் பெரிசு" என்றான் இலபாக்கா.